உக்ரைனுக்காக வந்த 2 யூரோ: ரீயூனியனில் தேட, சோதிக்க, காக்க

இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் கடைக்காரர் திருப்பித் தரும் மீதியில் 2 யூரோ காசு வந்தால், பெரும்பாலும் மரம்தான் இருக்கும். ஜோவாக்கிம் ஜிமெனெஸ் வரைந்த மரம் அது. அறுகோணத்துக்குள் நிற்கும், அதைச் சுற்றி சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். அந்த மரம் இருக்கவேண்டிய இடத்தில் என்றாவது ஒரு சிறுமி நின்றால் காசைப் பைக்குள் போடாதீர்கள். ஒரு கையில் பறவையைப் பொத்திக் காப்பாள், மறுகையில் கோதுமைக் கதிர் வைத்திருப்பாள். பக்கத்தில் ‘ஸ்லாவா உக்ராய்னி’ என்றிருக்கும். உக்ரைனுக்குப் புகழ் என்பது பொருள்.

எஸ்டோனியா 2022இல் வெளியிட்ட நாணயம் இது. அந்த ஆண்டு பிப்ரவரி 24 அன்று ரஷ்யா முழுப்படையோடு உக்ரைனுக்குள் நுழைந்தது. எஸ்டோனியாவும் ரஷ்யாவோடு எல்லையைப் பகிரும் சிறிய நாடு. படத்தை வரைந்தவர் டாரியா தித்தோவா. போருக்குத் தப்பி உக்ரைனிலிருந்து வந்து எஸ்டோனியக் கலைக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவி. அச்சிட்டது 20 லட்சம். அடுத்த ஆண்டு, 2023இல், லாத்வியாவும் லிதுவேனியாவும் உக்ரைனுக்கென்று தலா ஒரு 2 யூரோ வெளியிட்டன. லாத்வியக் காசில் சூரியகாந்தி இருக்கிறது. மூன்றுமே பெட்டிக்குள் பூட்டி வைக்கச் செய்த வெள்ளி நாணயங்கள் அல்ல. ரொட்டிக்கும் மிளகாய்க்கும் கொடுத்து வாங்குகிற காசுகள். போரில் நிற்கும் ஒரு நாட்டின் பெயர் அப்படிக் கை மாறிக் கை மாறிப் போகவேண்டும் என்பதுதான் நோக்கம்.

யூரோ எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கெல்லாம் இவை செல்லும். ரீயூனியனிலும் செல்லும். உலகில் யூரோவைக் கொடுத்து அதிகாரபூர்வமாக முதன்முதலில் பொருள் வாங்கிய இடமே இந்தத் தீவுதான். 2002 ஜனவரி 1, பாரிசுக்கு மூன்று மணி நேரம் முன்னதாக இங்கே விடிந்த நாள், வாங்கிய பொருள் ஒரு கிலோ லிச்சி. ஆனால் ஒரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். நினைவு 2 யூரோ யூரோ மண்டலம் முழுவதும் செல்லும். அதே நாடுகள் சேகரிப்பாளர்களுக்காக வெளியிடும் 5, 10, 20 யூரோ வெள்ளிக் காசுகள் வெளியிட்ட நாட்டில் மட்டுமே செல்லும். எஸ்டோனியாவின் வெள்ளிக் காசைத் தலைநகர் சாந்தனியின் மார்ஷேயில், அதாவது சந்தையில், நீட்டினால் வாங்கமாட்டார்கள், அவர்கள் மறுப்பது சரி. 2 யூரோவை மறுத்தால் அது சரியல்ல. ‘இது பிரான்ஸ் காசில்லை’ என்று யாராவது தயங்கினால் காசைத் திருப்பி வரைபடமும் 2 என்ற எண்ணும் உள்ள பக்கத்தைக் காட்டுங்கள். அந்தப் பக்கம் எல்லா நாடுகளுக்கும் பொதுவானது.

எங்கே தேடுவது

வாய்ப்பு குறைவு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். எஸ்டோனியாவிலிருந்து இங்கே சாலையும் இல்லை, ரயிலும் இல்லை. மெத்ரோபோலிலிருந்து, அதாவது ஐரோப்பாவிலுள்ள பிரான்சிலிருந்து, விமானத்தில் வருகிறவர்களின் பையில்தான் இந்தக் காசு வரவேண்டும். ஆகவே பயணிகள் செலவழிக்கும் இடங்களில் கண் வையுங்கள். சேன்போலில் வெள்ளி, சனி கூடும் மார்ஷே, சேன்பியேரில் சனிக்கிழமை மார்ஷே, சாந்தனியில் ஷோத்ரோனின் புதன், ஞாயிறு மார்ஷே. வனிலாவும் மசாலாவும் விற்கும் கடைகளின் கல்லாவில் வெளிநாட்டு 2 யூரோ அதிகம் சேரும். காய்கறி மட்டும் விற்கும் மேசையில் குறைவு.

வங்கிச் சுருள் இன்னொரு வழி. 2 யூரோ சுருளில் 25 காசு இருக்கும், மதிப்பு 50 யூரோ. உங்கள் கணக்குள்ள வங்கியில் முன்கூட்டிக் கேட்டு வைத்தால் கிடைக்கலாம், சில இடங்களில் கட்டணமும் உண்டு. புத்தம்புது பிரெஞ்சுச் சுருளைப் பிரித்துப் பயனில்லை, அதில் எல்லாம் மரமாகவே இருக்கும். கடைகள் திருப்பிக் கட்டிய, காசுகள் பல நிறத்தில் மங்கியிருக்கும் சுருளைக் கேளுங்கள்.

இந்தத் தீவின் தமிழர்களான நம் மக்களுக்கென்று ஒரு வழி இருக்கிறது: கோயில் உண்டியல். காவடிக்கும் தீமிதிக்கும் பிறகு உண்டியல் எண்ணும்போது 2 யூரோ காசுகள் குவியலாக மேசைக்கு வரும். எண்ணும் குழுவில் கைகொடுங்கள். பொருளாளரிடம் முன்பே சொல்லுங்கள். எண்ணி, எழுதி, கணக்கு முடிந்த பிறகே காசை எடுக்கவேண்டும். அதற்கு ஈடாகக் குறைந்தது 2 யூரோவை அவர் கண்முன் வையுங்கள், கூடுதலாக வைத்தால் இன்னும் நல்லது. எண்ணும் நடுவில் ‘இதை மாத்திக்கறேன்’ என்று கையை நீட்டினால் கணக்கு குழம்பும், பேரும் கெடும்.

குவியலை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை. பத்துப் பத்தாக அடுக்கி விளிம்பைப் பாருங்கள். பிரெஞ்சுக் காசின் விளிம்பில் 2 என்ற எண்ணும் இரண்டு நட்சத்திரமும் ஆறு முறை வரும், நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று என்று மாறி மாறி. எஸ்டோனியக் காசின் விளிம்பில் அந்நாட்டுப் பெயரின் ஐந்து எழுத்து, ஈஸ்தி, நேராக ஒருமுறையும் தலைகீழாக ஒருமுறையும் சிறு வட்டங்களோடு இருக்கும். எண்ணே இல்லாமல் எழுத்து மட்டும் தெரிந்தால் அந்தக் காசை வெளியே எடுத்து முகத்தைப் பாருங்கள். இப்படிச் செய்தால் 200 காசை கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

மெத்ரோபோலில் படிக்கிற பிள்ளைகளிடமும் சொந்தக்காரர்களிடமும் சொல்லி வைப்பதே பலருக்கும் பலன் தருகிற வழி. படத்தை அனுப்புங்கள், விடுமுறைக்கு வரும்போது பர்ஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய பொருள் விற்கும் வீத்-கிரேனியே சந்தைகளிலும் காசுப் பெட்டிகள் வரும், ஆனால் அங்கே வாங்குமுன் கீழே சொல்லும் சோதனை கட்டாயம்.

தபாலில் வாங்கினால்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரீயூனியன் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் அதன் மதிப்புக்கூட்டு வரி எல்லைக்குள் இல்லை. அதனால் பாரிசிலிருந்து வரும் சிறு பொட்டலத்துக்குக்கூடச் சுங்கப் படிவம் ஒட்டவேண்டும். இங்கே வந்ததும் ரீயூனியனின் தெவேஆ என்னும் மதிப்புக்கூட்டு வரி, பொது விகிதம் 8.5 சதவீதம், அதோடு தீவுக்குள் வரும் பொருளுக்கான ஒக்த்ருவா த மேர் வரி, அதற்கும் மேலே தபால்துறையின் கையாளும் கட்டணம் விழலாம். 4 யூரோ விலையுள்ள காசுக்கு அதைவிட அதிகமாகக் கட்டணம் கட்டிய கதை இங்கே சகஜம்.

தொழில்முறை விற்பனையாளரிடம் வாங்கினால் ‘ஓர் தாக்ஸ்’ விலை கேளுங்கள், அதாவது மெத்ரோபோலின் 20 சதவீத வரி நீக்கிய விலை. அனுப்புவது ரீயூனியனுக்கு என்பதால் அதைக் கேட்பதில் நியாயம் உண்டு, கேட்காதவர்களுக்குத் தானாகக் கிடைப்பதில்லை. ஒற்றைக் காசை வரவழைக்காதீர்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து எஸ்டோனியா, லாத்வியா, லிதுவேனியா மூன்றையும் ஒரே பொட்டலத்தில் வரவழைத்தால் கட்டணம் பங்காகும். சாதாரணக் கடித உறையில் காசு அனுப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள். தபால் பிரிக்கும் இயந்திரத்தில் உறை கிழிந்து காசு விழும், காப்பீடும் இருக்காது.

விலையைப் பற்றி ஒரே வார்த்தை. 20 லட்சம் அச்சிட்ட காசு அரிய காசு அல்ல. மொனாக்கோ 2007இல் வெளியிட்ட கிரேஸ் கெல்லி 2 யூரோ மொத்தம் 20,001தான், அதற்குத்தான் அந்த விலை. உக்ரைன் காசை ‘அரிதிலும் அரிது’ என்று சொல்லி யாராவது பெரிய தொகை கேட்டால் விட்டுவிடுங்கள். அதோடு, இணையத்தில் ஒருவரிடம் அதிக விலை கொடுத்து வாங்குவதால் உக்ரைனுக்கு ஒரு சதமும் போகாது. உதவ விரும்பினால் அந்த மிச்சத் தொகையை நேராக நம்பகமான நிவாரண அமைப்புக்குக் கொடுங்கள்.

உண்மையானதா என்று பார்க்க

தேவையானவை: 0.01 கிராம் காட்டும் சிறு தராசு, பியே ஆ கூலிஸ் என்று இங்கே கேட்டு வாங்கும், தாடையுள்ள அளவுகோல் (காலிப்பர்), 10 மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ், சிறு காந்தம், நூல். ஒப்பிட்டுப் பார்க்க, தேய்மானம் குறைந்த மூன்று பிரெஞ்சு 2 யூரோ.

தராசை முதலில் அந்த மூன்று காசாலேயே சோதியுங்கள். ஒன்று 8.50 கிராம் என்றால் மூன்றும் சேர்ந்து 25.50 வரவேண்டும். புழங்கித் தேய்ந்த காசு 0.02, 0.03 கிராம் குறையும், அது இயல்பு. தராசு தாறுமாறாக ஆடினால் காசின் மேல் பழி போடாதீர்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். 0.01 கிராம் தராசுக்கு இங்கே வீசும் அலிசே எனும் வணிகக் காற்றின் ஒரு வீச்சே போதும். எடை 8 கிராமுக்குக் கீழே இறங்கினால் சந்தேகம் உறுதியாகிறது.

விட்டம் 25.75 மில்லிமீட்டர், தடிமன் 2.20. அளவுகோலின் தாடைக்கும் காசுக்கும் நடுவில் மெல்லிய காகிதம் வைத்து அளந்து, காகிதத்தின் தடிமனைக் கழியுங்கள். வெறும் உலோகத் தாடை விளிம்பு எழுத்தைக் கீறும். தாய்லாந்தின் 10 பாட் காசும் கிட்டத்தட்ட இதே எடை, இதே அளவு, இதே இரு நிறம். இருட்டுக் கடையில் மாறி வருவது உண்டு, ஆனால் முகத்தைப் பார்த்த நொடியில் தெரிந்துவிடும்.

காந்தம்தான் எளிதில் பொய் சொல்லாத சோதனை. 2 யூரோவின் வெளி வளையம் செம்பும் நிக்கலும் கலந்தது, 75க்கு 25. நடுத்தட்டு மூன்று அடுக்கு: நிக்கல் பித்தளை, நடுவில் சுத்த நிக்கல், மீண்டும் நிக்கல் பித்தளை. நிக்கல் அடுக்கைக் காந்தம் இழுக்கும். வளையத்தை இழுக்காது. காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு நடுத்தட்டின் பக்கம் கொண்டுபோங்கள், மெல்லச் சாயும். வளையத்தின் பக்கம் நகர்த்தினால் சும்மா நிற்கும். பிரெஞ்சுக் காசிலும் அதையே செய்து இரண்டையும் ஒப்பிடுங்கள். வளையமும் இழுபட்டால் உள்ளே இரும்பு இருக்கிறது, போலி. எங்கேயுமே இழுபடாவிட்டால் நடுத்தட்டு ஒரே உலோகம், அதுவும் போலி.

இனி லென்ஸ். நான்கு இடம் பாருங்கள். ஒன்று, வளையமும் நடுத்தட்டும் சேரும் கோடு: உண்மைக் காசில் கோடு கூர்மையாக, இடைவெளி இல்லாமல் இருக்கும். போலியில் பூச்சு கோட்டைத் தாண்டி வழியும், அல்லது சாம்பல் நிறப் பள்ளம் தெரியும். இரண்டு, வரைபடப் பக்கத்தில் அதை வரைந்த லுக் லைக்ஸின் பெயரெழுத்து, இரண்டு எல், வலப்பக்கம் சிறிதாக, தெளிவாக இருக்கவேண்டும். மூன்று, சிறுமியின் விரல்களும் பறவையின் இறகும். வார்த்துச் செய்த போலியில் இந்த நுணுக்கம்தான் முதலில் மழுங்கும், சோப்பில் செதுக்கியது போல் இருக்கும். நான்கு, விளிம்பு எழுத்து: ஒரே ஆழமாக, ஒரே அகலமாக இருக்கவேண்டும். போலியில் ஆழம் கூடிக் குறையும்.

கடைசியாக நிலைப்பாடு. காசை மேலும் கீழுமாகப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்புங்கள், கதவு திறப்பது போல. மறுபக்கமும் நேராக நிற்கவேண்டும். தலைகீழாக நின்றால் சந்தேகப்படுங்கள். ஓரிரு பாகை சாய்வு அச்சுப் பிசகு, அதற்குத் தனி விலை கிடையாது. லாத்விய, லிதுவேனியக் காசுகளில் இன்னொன்றைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அவற்றின் விளிம்பில் முழு வாசகம் ஒன்று ஓடுகிறது: லாத்வியாவில் ‘கடவுள் லாத்வியாவை ஆசீர்வதிப்பாராக’ என்றும், லிதுவேனியாவில் ‘சுதந்திரம், ஒற்றுமை, வளம்’ என்றும். சில காசில் சூரியகாந்தியை மேலே வைத்தால் வாசகம் நேராக இருக்கும், சிலதில் வரைபடத்தை மேலே வைத்தால் நேராகும். விளிம்பை அழுத்துவது ஒரு வேலை, முகத்தை அடிப்பது வேறு வேலை, எந்தப் பக்கம் திரும்பி விழுகிறதோ அப்படி அமையும். பிழையல்ல, கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

போலி என்று தெரிந்தால் அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள், தெரிந்தே செலவழிப்பது குற்றம். வங்கியில் ஒப்படையுங்கள். இங்கே காசையும் நோட்டையும் புழக்கத்தில் விடும் ஈயேதோம் நிறுவனத்துக்கு அங்கிருந்து போகும். ஈடு கிடைக்காது, அந்த 2 யூரோ போனதுதான்.

நீலமும் மஞ்சளும் பூசிய சிறுமியும் சந்தையில் உண்டு, தங்கமுலாம் போட்டதும் உண்டு. எஸ்டோனியா வெளியிட்டதில் வண்ணம் கிடையாது. உண்மைக் காசின் மேல் தனியார் பூசியவை அவை. பிள்ளைகளுக்குக் காட்ட வாங்கினால் வாங்குங்கள், சேகரிப்பில் அது கெட்ட காசு. மதிப்பு எண்ணே இல்லாமல் கொடியும் திரிசூலச் சின்னமும் மட்டும் இருந்தால் அது பதக்கம், நாணயம் அல்ல. நாடு, ஆண்டு, மதிப்பு மூன்றும் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை. ஒவ்வொரு நினைவு 2 யூரோவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரபூர்வ இதழில் அறிவிக்கப்படும், ஐரோப்பிய மத்திய வங்கியின் பட்டியலிலும் படத்தோடு இருக்கும். அங்கே இல்லாத 2 யூரோ 2 யூரோ அல்ல.

சுத்தம் செய்வது

நம் வீடுகளில் பளபளப்பு என்றால் புளிதான். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய கை, காசைக் கண்டாலும் புளிப் பாத்திரத்தைத் தேடும். தயவுசெய்து வேண்டாம். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அமிலம். நடுத்தட்டின் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை அரித்துவிட்டுச் செம்பை மட்டும் மேலே நிறுத்தும், காசு இளஞ்சிவப்பாகும், மறுபடி மஞ்சளாகாது. விபூதி, பற்பசை, சாம்பல் எல்லாவற்றிலும் உராயும் துகள் உண்டு, லென்ஸில் பார்த்தால் ஆயிரம் மயிரிழைக் கீறல் தெரியும். துலக்கிய காசை எந்தச் சேகரிப்பாளரும் தொடமாட்டார்.

புழக்கத்தில் வந்த காசின் மங்கலை அப்படியே விட்டுவிடுவது நல்லது. அகற்றவேண்டியது ஒட்டிக்கொண்டிருக்கும் பொருளை மட்டும். உண்டியல் காசில் அது நிச்சயம் இருக்கும்: குங்குமம், சந்தனம், மஞ்சள், எண்ணெய், கற்பூரக் கரி, சிலசமயம் அபிஷேக இளநீர். பாரம்பரியக் குங்குமத்தில் மஞ்சளோடு சுண்ணாம்பு உண்டு, இளநீரில் உப்பும் சர்க்கரையும். ஈரம் சேர்ந்தால் இவை உலோகத்தைத் தின்னத் தொடங்கும். சிறுமியின் தலைமுடிக் கோடுகளுக்குள் சிவப்பாக உறைந்து நிற்பதை லென்ஸில் பார்க்கலாம். அதை ஊசியால் குத்தி எடுக்காதீர்கள்.

இஸ்திரிப் பெட்டிக்கு ஊற்றும் ஓ தெமினெரலிசே, அதாவது தாது நீக்கிய தண்ணீர், எந்தப் பெரிய கடையிலும் கிடைக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் அதில் 100 மில்லி, எலுமிச்சை வாசனை இல்லாத பாத்திரச் சோப்பு ஒரே ஒரு சொட்டு. காசைப் படுக்க வைத்து 10 நிமிடம். விரலால் தேய்க்காதீர்கள், கிண்ணத்தை மெல்ல ஆட்டுங்கள். தண்ணீரை மாற்றி இரண்டு முறை அலசுங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது, அதிலுள்ள குளோரினும் உப்பும் உலர்ந்ததும் புள்ளியாக நிற்கும்.

இப்போது காசில் ஈரம் இருக்கிறது, வெளியே மட்டுமல்ல. வளையத்துக்கும் நடுத்தட்டுக்கும் இடையிலுள்ள நூலிழை இடுக்கில் தண்ணீர் தங்கும். அப்படியே மூடி வைத்தால் சில வாரத்தில் அந்தக் கோடு கருக்கும். அதை இழுத்து வெளியேற்றத்தான் அசெத்தோன். சுத்தமான அசெத்தோனாக இருக்கவேண்டும், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது ஆகாது. மூடியுள்ள சிறு கண்ணாடிப் போத்தலில் 30 மில்லி, காசு 5 நிமிடம். பிறகு புது அசெத்தோனில் 1 நிமிடம். பருத்தித் துணியில் வைத்து ஒற்றுங்கள், துடைக்காதீர்கள்.

அசெத்தோனின் ஆவி தரையோடு தவழ்ந்து போய்த் தொலைவிலுள்ள சுடரிலும் பற்றும். சாமி அறையில் விளக்கு எரியும் நேரத்தில் பக்கத்து அறையில்கூடச் செய்யாதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். பிளாஸ்டிக் கோப்பை கரையும், மேசை வார்னிஷ் உரியும், அடியில் பீங்கான் தட்டு வையுங்கள்.

மழை நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். அசெத்தோன் ஆவியாகும்போது காசு சில்லிடும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த காசின் மேல் பனி படியும். துடைத்த ஈரம் திரும்ப வந்து உட்காரும். வெயில் ஏறிய முற்பகலில், இளஞ்சூடான பீங்கான் தட்டின் மேல் காசை வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். அதன்பின் விளிம்பில் மட்டும் பிடித்து எடுங்கள். மஞ்சள் கறை முழுவதும் போகாமல் இருக்கலாம், போகாவிட்டால் அப்படியே இருக்கட்டும்.

வைத்துக் காப்பது

கடற்கரையோரம் உப்புக்காற்று, மேட்டுப்பகுதியான பிளேன்-தே-பால்மிஸ்த் பக்கம் ஓயாத ஈரம். ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும் ‘உலர்ந்த இழுப்பறை’ இந்தத் தீவில் பல வீடுகளில் கிடையாது.

26 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள வட்ட உறை வாங்குங்கள், கடினமான ஒளிபுகும் அக்ரிலிக். அட்டைச் சட்டம் மலிவு, ஆனால் அதை அடிக்கும் பின் இங்கே ஓராண்டுக்குள் துருப்பிடிக்கும். பசையால் ஒட்டும் வகையில் வெயில் காலத்தில் பசை இளகி உள்ளே வழியும். மிக மோசமானது மிருதுவான, வாசனை வீசும் பிளாஸ்டிக் ஆல்பம். அது பீவீசி. சூட்டில் அதிலிருந்து அமிலம் கசிந்து செம்போடு சேர்ந்து பச்சைப் பிசினாகப் படியும். பச்சை தெரிந்த நாளே காசை வெளியே எடுத்து மேலே சொன்ன அசெத்தோன் குளியல் கொடுங்கள். பிசின் போகும், அடியில் அரித்த குழி போகாது.

உறையிட்ட காசுகளை ரப்பர் பட்டை உள்ள பாலிப்ரொப்பிலீன் டப்பாவில் வையுங்கள். 5 லிட்டர் டப்பாவுக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல், நிறம் மாறும் ஆரஞ்சு வகை. பச்சையானால் ஓவனில் 120 பாகை செல்சியஸில் 2 மணி நேரம் வைத்தால் திரும்ப ஆரஞ்சாகும். சிறு ஈரமானி ஒன்றும் உள்ளே இருக்கட்டும், 50 சதவீதத்துக்குக் கீழே நிற்கவேண்டும். அரிசி போடும் பழக்கம் உண்டு, வேண்டாம், மாவு படியும், வண்டு வரும். காசுக்கட்டை ரப்பர் வளையத்தால் கட்டாதீர்கள், அதிலுள்ள கந்தகம் கறுப்புக் கோடு போடும். டப்பாவைச் சாமி அறையில் வைக்காதீர்கள். கற்பூரம் ஏற்றாமலேயே காற்றில் கரைந்து எல்லாவற்றின் மேலும் படியும்.

2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரியில் கரான்ஸ். இரண்டு புயலிலும் வீடுகள் மின்சாரமும் தண்ணீரும் இல்லாமல் கிடந்தன. ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததும் டப்பாவை ஜிப் பையில் இட்டு, தரையிலிருந்து எடுத்து உயரமான உள் அலமாரியில் வையுங்கள், வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம். புயல் முடிந்தவுடன் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். மூன்று நாள் காற்றோட்டமில்லாத வீட்டின் ஈரமெல்லாம் உள்ளே போகும். வீடு உலர்ந்த பிறகு திறங்கள். வெள்ளம் டப்பாவுக்குள் புகுந்திருந்தால் மட்டும் உடனே திறந்து, சேற்றை உலரவிடாமல் ஓ தெமினெரலிசேயில் அலசுங்கள்.

இரண்டாவது காசு கிடைத்தால்

ஒன்றைக் காத்து வைத்தபின் இன்னொன்று கிடைத்தால் அதைச் செலவழியுங்கள். டாரியா தித்தோவாவின் சிறுமி கடைக்குக் கடை போகத்தான் வந்தவள். கொடுக்கும்போது படத்தைக் காட்டி ஒரு வாக்கியம் சொல்லுங்கள், கிரெயோலிலோ பிரெஞ்சிலோ தமிழிலோ. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் காட்டுவதென்றால் உறையோடு கொடுங்கள், லென்ஸும் கூடவே. முதலில் எதுவும் சொல்லாமல் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். பறவையைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடிப்பார்கள், கதிரை நெல் என்பார்கள். கோதுமை என்று திருத்திவிட்டு உலகப்படத்தில் உக்ரைனைத் தொட்டுக் காட்டலாம். பக்கத்தில் மரம் போட்ட ஒரு பிரெஞ்சுக் காசும் இருக்கட்டும், இரண்டும் கொடுத்தால் ஒரே அளவு லிச்சிதான் கிடைக்கும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.